குறியும் குற்றமும்

நோய்க்குக் காரணம் யாது என்ற விசாரம் மதுரைக்குப் புதிதன்று. ஞானசம்பந்தர் தங்கியிருந்த மடத்திற்குச் சமணர் தீ வைத்தனர் என்றும், அத்தீ மெல்லச் சென்று அரசனையே பற்றட்டும் என்று அவர் பாடவே அதுவே வெப்பு நோயாகிக் கூன் பாண்டியனின் உடலை வாட்டிற்று என்றும், சமணக் குருமார்களின் மந்திரத்திற்கும் மயிற்பீலிக்கும் அடங்காத அந்தச் சுரம் ஆலவாய்த் திருநீற்றுக்கு அடங்கிற்று என்றும் பெரியபுராணம் கூறும் வரலாற்றை, இவ்வூர்க் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பாட்டிமாரிடம் கேட்டுவிடுகிறார்கள். அக்கதையின் சமயச் சார்பை ஒருபுறம் வைத்துவிட்டு அதன் மருத்துவத்தை மட்டும் நோக்கினால், அங்கே நோயும் குற்றமும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் என்பது புலப்படும். வைத்த நெருப்பே உடம்பின் சுரம். காவலன் காவாததே அதன் நிதானம், அதாவது காரணம். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் குற்றவாளியையும் கண்டுபிடித்தாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அந்தக் கதைக்குள்ளேயேதான் குடியிருக்கிறோம் என்பதைச் சென்ற ஐப்பசியில் நான் அறிந்தேன்.

பழங்காநத்தத்தில் எங்கள் தெரு இன்னும் விழித்திராத ஒரு விடியற்காலையில் என் அண்ணனுக்கு நெஞ்சில் பாரம் கண்டது. வயது 51. புகையிலையை எந்த வடிவிலும் தொட்டறியாதவர், சர்க்கரை இல்லை, அதிகாலையில் திருப்பரங்குன்றம் சாலையில் நடந்து, குன்றத்தைக் கண்ணால் கண்டு கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழக்கத்தை இருபது ஆண்டுகளாக விடாதவர். ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்தது. அவர் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் தெருவில் இரண்டு வாக்கியங்கள் உலவத் தொடங்கிவிட்டன. "அவுக என்ன பாவம் செஞ்சாகளோ" என்பது ஒன்று. "ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காத மனுசன், அவருக்கா இப்படி?" என்பது மற்றொன்று. முன்னது பழிப்பது போலவும் பின்னது பரிவது போலவும் தோன்றினாலும், இரண்டும் ஒரே சித்தாந்தத்தின் மேல் நிற்பவை. பாவம் செய்தவனுக்கே நோய் வரவேண்டும் என்ற நியாயத்தை ஒன்று ஏற்றுக்கொண்டு பேசுகிறது, மற்றொன்று அந்த நியாயம் தவறிவிட்டதே என்று வியந்து பேசுகிறது. பரிந்து பேசியவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஆயினும் பழித்தவர்களைவிட அவர்களுடைய வாக்கியமே என்னை அதிகமாக உறங்கவிடாமற் செய்தது.

பின்னர் வந்தது அந்த ரிப்போர்ட். கெட்ட கொழுப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அண்ணனுக்கு மட்டாகவே இருந்தது. ஆனால் லைப்போபுரோட்டீன்-ஏ என்றொரு பொருள், டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மிகை என்று கொள்ளப்படுவது, அவர் இரத்தத்தில் 112 இருந்தது. நார்வே நாட்டு விஞ்ஞானி கோரே பெர்க் என்பவர் 1963-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது இது. கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள் ஒன்றின் மேல் நீண்ட புரதம் ஒன்று கொடிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கொடி பெரும்பாலும் மடிப்பு மடிப்பாக ஒரே வகைச் சுருள்கள். ஸ்காந்திநேவிய நாடுகளில் அவ்வடிவில் ஒரு பலகாரம் உண்டாம்; அதன் பெயரால் அச்சுருளைக் கிரிங்கிள் என்கிறார்கள். மதுரையில் எவரேனும் கண்டுபிடித்திருந்தால் முறுக்கு என்றே பெயர் வைத்திருப்பார்கள், அதுவும் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஒருவருடைய ஆறாம் குரோமோசோமில் இந்தச் சுருள் எத்தனை தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே, பெரும்பாலும், இப்பொருள் அவர் இரத்தத்தில் எவ்வளவு மிதக்கும் என்பது அமைகிறது. சுருள்கள் குறைந்தால் அளவு கூடும். குழந்தைப் பருவத்திலேயே நிலைபெற்றுவிடும் இந்த அளவை, உண்ணும் உணவோ நடக்கும் நடையோ பின்னர் அதிகமாக மாற்றுவதில்லை. உலகத்தாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது மிகையாக இருக்கிறது. அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "தலையெழுத்துன்னு சொல்லுவாகள்ல, அதை இப்ப லேப்ல படிச்சிட்டாகடா தம்பி" என்றார்.

தலையெழுத்தைப் படித்தாயிற்றா என்பதே கேள்வி. நம்முடைய தருக்க நூலோர் இக்கேள்வியை எதிர்கொள்வதற்கு நல்ல கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மலைமேல் புகையைக் காண்கிறோம், ஆதலின் அங்கே நெருப்பு உண்டு என்று அனுமானிக்கிறோம். இங்கே புகையை அவர்கள் லிங்கம் என்பார்கள், அதாவது அடையாளம் அல்லது குறி. குறி உண்மையாக இருக்கலாம். ஆயினும் குறியே காரணமாகிவிடாது. புகையை விசிறியால் ஓட்டிவிட்டு நெருப்பு அணைந்தது என்று இருப்பவனை உலகம் நகைக்கும். இதய நோயைப் பற்றி இரத்தத்தில் கிடைக்கும் புரதக் குறிகளிடையே இந்தப் பாகுபாடு எவ்வளவு அவசியமானது என்பதற்கு ஒன்றே போதும். சி-ரியாக்டிவ் புரதம் என்பது 1930-இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். இதயக் குழாய் நோயுள்ளவர்களிடமும் ஏறியிருக்கக் கண்டு, நோயை விளைவிப்பது இதுதானோ என்று நெடுநாள் ஐயுற்றார்கள். பிறவியிலேயே இப்புரதம் சற்று மிகையாக ஊறும்படி மரபணு அமைந்தவர்களைத் தேடிப் பார்த்தபோது, அவர்களுக்கு இதய நோய் அதிகப்படவில்லை. எனவே அது புகை. லைப்போபுரோட்டீன்-ஏயை அதே சோதனைக்கு உட்படுத்தியபோது, பிறவியிலேயே அதை மிகையாகப் பெற்றவர்களுக்கு நோயும் மிகுந்தே இருந்தது. எனவே அது விறகு.

இந்தச் சோதனையின் நுட்பம் தத்துவத்தில் நாட்டமுள்ளவர்களின் கவனத்திற்கு உரியது. ஒவ்வொரு மரபணுவிலும் தந்தையிடம் இரண்டு பிரதிகள், தாயிடம் இரண்டு. குழந்தைக்குப் போவது ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. எது போகவேண்டும் என்பதில் எவருடைய புண்ணியத்திற்கும் பாவத்திற்கும் இடமில்லை, சீட்டுக் குலுக்கிப் போட்டது போன்றது அது. அப்படிக் குருட்டுத்தனமாகப் பங்கிடப்படுவதாலேதான் ஆராய்ச்சியாளர்களால் அதைக் கொண்டு காரணத்தையும் குறியையும் பிரித்தறிய முடிகிறது. பங்கீட்டில் தகுதி, தகுதியின்மை என்ற கணக்கு நுழைந்திருந்தால் சோதனையே பயனற்றதாகியிருக்கும். உலகின் மூலகாரணம் எது என்று ஆராயப் புகும் சுவேதாசுவதர உபநிடதம், காலம், இயல்பு, நியதி, பூதங்கள் என்பவற்றோடு யதிர்ச்சை, அதாவது தற்செயல், என்பதையும் ஒரு வாதமாக எடுத்து வைத்து, எல்லாவற்றையும் கடந்து செல்கிறது. நம்மவர்களும் அதைக் கடந்து சென்றுவிட்டார்கள். விதியைப் பற்றியும் முயற்சியைப் பற்றியும் ஊழ் என்றும் ஆள்வினையுடைமை என்றும் தனித்தனி அதிகாரம் வகுத்த மரபில் தற்செயலுக்கு ஓர் அதிகாரம் கிடைக்கவில்லை. அது நியாயமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அண்ணனின் உடல் தேறிய பிறகு, தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பைபாஸ் சாலை வழியாகக் காளவாசல் சென்று, அங்கிருந்து தேனி சாலையில் திரும்பி, நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்த கீழக்குயில்குடிக்கு நான் தனியாகப் போனேன். அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் ஆலமரமும் தாமரைக் குளமும்; அவற்றுக்குப் பின்னால் சமணர் மலை. செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் அமர்ந்தும் நின்றும் இருக்கும் தீர்த்தங்கரர்களின் கீழே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வட்டெழுத்தில், அவ்வுருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பெரியபுராணத்தில் வாதில் தோற்றவர்கள் இங்கே, அத்தோல்விக்குச் சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், கல்லிலே தங்கள் பெயரை வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

நான் அம்மலைக்குச் சென்றதற்குக் காரணம் உண்டு. வினை என்பதைச் சைவரும் வைணவரும் ஒரு நியதியாக, இறைவன் கையில் உள்ள கணக்காகக் கொள்ள, சமணர் மட்டுமே அதை ஒரு ஜடப்பொருளாகக் கொண்டார்கள். நுண்ணிய அணுக்கள் உயிரின்மேல் வந்து படிந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை வரும் வழிக்கு ஊற்று என்றும், ஒட்டிக்கொள்வதற்குக் கட்டு என்றும், வரவைத் தடுப்பதற்குச் செறிப்பு என்றும், ஒட்டியவற்றைத் தேய்த்துக் கழிப்பதற்கு உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமண நூல்கள் அழகாகப் பெயரிட்டிருக்கின்றன. குழாயின் உட்சுவரில் கொழுப்புத் துகள் படிந்து இறுகுவதைப் படமாக வரைந்து காட்டிய மருத்துவரின் அறையில் நான் அமர்ந்திருந்தபோது, என் நினைவுக்கு வந்தவை இந்தச் சொற்களே. அதனினும் வியப்பு, கட்டு எத்தகையது என்பதை அவர்கள் நான்கு விதமாக அளந்தது. அதன் இயல்பு என்ன, எத்தனை காலம் நிற்கும், எவ்வளவு கடுமையாகப் பயன் தரும், அளவு எத்துணை. இவை நான்கும் வேறு வேறு. இதற்கு உரையாசிரியர்கள் மோதகத்தை உவமை காட்டுவார்கள்: இன்ன சரக்குச் சேர்ந்தது, இத்தனை நாள் கெடாது, இவ்வளவு தித்திப்பு, இவ்வளவு எடை. மோதகத்தைத் தின்றால் அது தரும் பயனும் தொல்லையும் இந்நான்கையும் பொறுத்தே என்பதில், அண்ணனுக்கு இப்போது இனிப்பைக் கண்காணித்துக் கொடுக்கும் மதினிக்குக் கருத்து வேற்றுமை இராது.

நோய் வருமா என்பதும், வந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதும் ஒரே கேள்வியன்று என்பதை இன்றைய ஆராய்ச்சியும் சற்றே தடுமாறிய பிறகுதான் கற்றுக்கொண்டது. ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் 21 என்று குறிக்கப்படும் பகுதியில் இதய நோய்க்கான மரபுக் குறி இருப்பதை 2007-இல் இரண்டு குழுவினர் தனித்தனியே அறிவித்தனர். புரதத்தை எழுதும் மரபணு எதுவும் இல்லாத வெற்றிடம் போன்ற பகுதி அது. எனினும் அங்கே ஒரு குறிப்பிட்ட எழுத்தமைப்பு உள்ளவர்களுக்கு நோய் முந்தி வருகிறது, அடைபட்ட குழாய்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. அப்படியானால் நோயாளிகளிடையே இக்குறி உள்ளவர்கள் விரைவில் மீண்டும் மாரடைப்புக்கு ஆளாவார்களா என்று பார்த்தால், அதைப் பற்றி அந்தக் குறி ஏறக்குறைய மௌனம் சாதிக்கிறது. கட்டின் அளவைச் சொல்லும் அடையாளம் அதன் கடுமையைச் சொல்லவில்லை. நோயின் தீவிரத்தை ஒரே எண்ணில் அடக்கிவிடலாம் என்று நம்புகிறவர்கள் பேச்சிப்பள்ளத்துப் படிகளில் ஒரு நாள் உட்கார்ந்து யோசிப்பது நலம்.

அந்தப் படிகளில் அமர்ந்தபோது எனக்கு நினைவு வந்தது, அதே நாகமலைத் தொடரின் அருகே, சிறிது தொலைவில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே உயிர்வேதியியல் துறையில் ஆராய்ந்த தண்டபாணியும், ஐதராபாத் நகரத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, குழாய் அடைப்பைப் பற்றியதன்று. இதயத் தசையே தளர்ந்து போகும் நோயைப் பற்றியது. தசையின் இழைகளைப் பிணைத்து நிறுத்தும் புரதம் ஒன்றை எழுதும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன பிழையை, இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வர் சுமக்கிறார்கள் என்று அது காட்டிற்று. அதே புரதம் மாரடைப்பில் தசை சிதையும்போது இரத்தத்தில் கசிவதால், அதை மாரடைப்பின் குறியாகவும் ஆராய்ந்து வருகிறார்கள். அந்த எழுத்துப் பிழை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள், யாரோ ஒருவருடைய உடலில் நேர்ந்தது. இளமையில் பெரும்பாலும் தீங்கு செய்யாமல், பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பின்னரே அது தலைகாட்டுவதால், இயற்கையால் அதைக் களைந்தெறிய முடியவில்லை. நிகழ்ந்தது ஒருவருக்கு, செய்தவர் எவருமில்லை, சுமப்பவர்கள் கோடிக்கணக்கானோர்.

சமண மலையும் ஆராய்ச்சிச் சாலையும் பிரியும் இடம் இதுவே. இந்த இடத்தில் நான் ஆராய்ச்சிச் சாலையின் பக்கம் நிற்கிறேன். சமணர் வினையைப் பொருளாகக் கண்டார்கள், அளந்தார்கள், கடுமையைத் தனியே பிரித்தார்கள். எல்லாம் செய்தும், அப்பொருள் ஒட்டியதற்கு அவ்வுயிரே செய்த செயல்தான் காரணம் என்பதை மட்டும் விடவில்லை. சைவ சித்தாந்தத்தின் சஞ்சிதமும் பிராரத்தமும் ஆகாமியமும் அப்படியே: அவனவன் வினை அவனவனுக்கு. தந்தையின் வினை மகனுக்கு ஏறும் என்று இவ்விரு சமயச் சாத்திரங்களும் சித்தாந்தமாக நிறுவவில்லை. ஆனால் தெருவோ எக்காலத்திலும் வேறு விதமாகவே பேசி வந்திருக்கிறது; அப்பன் ஆத்தாள் செய்தது பிள்ளை தலையில் விடியும் என்பது அதன் நம்பிக்கை. மரபணு இயல் இவ்விரண்டுக்கும் நடுவில் வந்து, இரண்டையும் பாதி மறுத்தது. வந்த வழியைப் பொறுத்தவரை தெரு சொன்னதே சரி, பெற்றோரிடமிருந்தேதான் வந்தது. ஆனால் வந்தது பாவமன்று, ஓர் எழுத்துப் பிழை. காரணத்தைக் காட்டிக் குற்றவாளியைக் காட்டாத ஒரு விளக்கம் நம் மரபுக்குப் பழக்கமில்லாதது. அதனாலேயே அதை நாம் கேட்ட மாத்திரத்தில் "விதி" என்ற பழைய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறோம். பூட்டியவுடன் அதன் பின்னாலேயே குற்றமும் உள்ளே நுழைந்துவிடுகிறது. தற்செயலுக்கு ஓர் அதிகாரம் இல்லாமற்போனது நியாயமன்று என்று இப்போது எண்ணுகிறேன்.

முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை முதலிய ஒன்பது காரணங்களால் விளைவது என்றது. மரபு அபாயம் மிகுந்தவர்களிடையேயும், புகையாமை, பருமனின்மை, உடற்பயிற்சி, நல்லுணவு என்ற நான்கில் மூன்றையேனும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2016-இல் மற்றோர் ஆய்வு, ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு காட்டிற்று. சமணர் சொற்களிலே சொன்னால், அனுபவித்தே தீரவேண்டிய நிகாசித வினை போன்றது அண்ணனின் 112. அதை உதிர்க்க இயலாவிட்டாலும், மற்ற ஊற்றுகளைச் செறிக்கலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரைகளும் மறுபடி தொடங்கிய நடையும் அதற்கே. இருபது ஆண்டுகள் நடந்தும் வந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். நடந்திராவிட்டால் 51 வரை வந்திருப்பாரா என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லப்போவதில்லை.

உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இந்த அளவை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் தந்தை 54 வயதில் உறக்கத்திலேயே இறந்தவராகையால், இது அவர் வழி வந்தது என்பதில் வீட்டில் எவருக்கும் சந்தேகமில்லை. எனக்கு 18 என்று வந்தது. தங்கையும் மட்டான கணக்கிலேயே தப்பினாள். இரத்தம் எடுக்க வந்த பையனிடம், "எனக்கும் ஒரு ஊசி குத்திப் பாரு தம்பி, நான் மட்டும் என்ன ஒசத்தியா" என்று தாயார் கையை நீட்டியதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டோம். அவருக்கு 78 வயது. குன்றத்துக் கோயிற் படிகளைக் கம்பியைப் பிடிக்காமல் ஏறுகிறவர். அவருடைய எண் 121.

அந்தத் தாளை அவரிடமிருந்து மறைப்பதா என்று நானும் மதினியும் அடுப்படியில் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தது, நடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் காதில் விழுந்துவிட்டது.

"அப்ப நாந்தான் குடுத்தேனாடா?"

அதே அளவைச் சுமந்துகொண்டு நீ 78 வயதில் படி ஏறுகிறாய், ஆகவே அந்த எண் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். புகை, விறகு, சீட்டுக் குலுக்கல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரைத் தண்டுகளை ஒருபுறமும் இலைகளை ஒருபுறமுமாகப் போட்டுக்கொண்டே கேட்டார், இடையில் ஒரு தடவை மட்டும், "எனக்கு யாரு குடுத்தா?" என்றார். உன் அம்மாவோ அப்பாவோ என்றேன். "அவுகளுக்கு?" என்றதற்கு நான் பதில் சொல்லவில்லை. சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்து உருவங்களில் ஒன்றின் கீழே, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று பொறித்திருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. அந்த அம்மையாரைப் பற்றி அக்கல் சொல்வது அவ்வளவே: இன்னான் தாய், இன்னது செய்வித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னைத் திருப்பரங்குன்றத்துக்கு அழைத்துப்போகச் சொன்னார். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது அண்ணன் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் தாயாரின் பெயரைச் சொன்னார். குருக்கள் வழக்கம்போல நட்சத்திரம் கேட்டார். பாட்டியின் நட்சத்திரம் எங்களில் எவருக்கும் தெரியாது. தாயார் சிறிது நேரம் யோசித்தார். பின்னால் வரிசை நெருக்கியது.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றார்.